பட்டைகளின் குறுக்கே ஒரு கோடு: தொகுதிப் பட்டை வரைபடமும் ஒப்பீட்டுக் கோடும்

தொகுதிப் பட்டை வரைபடம் ஓர் அளவை இரண்டு வகைப்பாடுகளின்படி பிரித்துக் காட்டுகிறது. பல்கலைக்கழகத் துறைகள் ஒரு வகைப்பாடு, விண்ணப்பித்தவரின் பால் மற்றொரு வகைப்பாடு, சேர்க்கை விழுக்காடு அளவு என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு துறைக்கும் ஆண், பெண் என இரு பட்டைகள் ஒட்டி நிற்கும். அடுத்த துறை தொடங்குமுன் சிறிது இடைவெளி விழும். இந்த வடிவத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் 1786-இல் வெளியிட்ட வணிக, அரசியல் வரைபடத் தொகுப்பில், 1780 கிறிஸ்துமஸ் முதல் 1781 கிறிஸ்துமஸ் வரை ஸ்காட்லாந்து 17 இடங்களோடு நடத்திய வணிகத்தைப் பட்டைகளாக வரைந்தார். ஒவ்வோர் இடத்துக்கும் இறக்குமதிக்கு ஒரு பட்டை, ஏற்றுமதிக்கு ஒரு பட்டை. பல ஆண்டுக் கணக்குகள் கையில் இருந்திருந்தால் அவர் கோட்டு வரைபடமே வரைந்திருப்பார். அவை கிடைக்காததால்தான் பட்டைகளுக்கு வந்தார். பட்டை வரைபடமும் அதன் தொகுதி வடிவமும் ஏறக்குறைய ஒரே தாளில் பிறந்தன என்றே சொல்லலாம்.

இவ்வகைப் படத்தின் குறுக்கே இழுக்கப்படும் கோடுதான் ஒப்பீட்டுக் கோடு. அது ஒரு சராசரியாகவோ, இலக்காகவோ, சட்டம் வகுத்த வரம்பாகவோ, சென்ற ஆண்டின் நிலையாகவோ இருக்கலாம். கோடு விழுந்ததும் பார்ப்பவரின் கேள்வி மாறிவிடுகிறது. அதுவரை பட்டையைப் பட்டையோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்த கண், எது கோட்டுக்கு மேலே, எது கீழே என்று பார்க்கத் தொடங்குகிறது. அதனால் அந்தக் கோடு எந்த எண்ணில் நிற்கிறது, அந்த எண் எப்படிக் கிடைத்தது என்பதுதான் படத்தின் பொருளையே தீர்மானிக்கிறது. மென்பொருளில் கோடு இழுப்பது ஒரு வரி வேலை. அந்த எண்ணைத் தேர்வது அப்படியன்று.

இதை விளக்க, எண்கள் முழுதும் பொதுவெளியில் இருக்கும் ஓர் எடுத்துக்காட்டு வசதியானது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973-இல் முதுநிலை, ஆய்வுப் படிப்புகளுக்கு வந்த விண்ணப்பங்களை பிக்கெல், ஹாமெல், ஓ'கானல் ஆகிய மூவர் ஆராய்ந்து, 1975-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினர். அதிக விண்ணப்பங்களைப் பெற்ற ஆறு துறைகளின் எண்கள் ‘ஆர்’ மென்பொருளோடு சேர்ந்தே வருகின்றன. தனியாக எதையும் தரவிறக்க வேண்டியதில்லை. துறைகளின் பெயர் மறைக்கப்பட்டு ஏ, பி, சி, டி, இ, எஃப் என்ற எழுத்துகள் மட்டும் தரப்பட்டுள்ளன. மொத்தம் 4,526 பேர். ஆண்கள் 2,691, அவர்களில் இடம் பெற்றோர் 1,198. பெண்கள் 1,835, இடம் பெற்றோர் 557.

முதல் வேலை தரவை ஒழுங்குபடுத்துவது. ஆறு துறை, இரண்டு பால், இடம் பெற்றவர் அல்லது பெறாதவர் என்ற இரண்டு முடிவுகள். ஆக 24 வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் துறை, பால், முடிவு, எண்ணிக்கை என நான்கு பத்திகள். வரைகலை மென்பொருள்களில் பெரும்பாலானவை இத்தகைய நெடும் அட்டவணையைத்தான் எதிர்பார்க்கின்றன. ஆண், பெண் என்று தனித்தனிப் பத்திகள் போட்ட அகன்ற அட்டவணையைக் கொடுத்தால், எதை வைத்து நிறம் பிரிப்பது என்பது மென்பொருளுக்குத் தெரியாமல் போகும்.

ஆர் மென்பொருளில் மிகுதியாகப் பயன்படும் ‘ஜிஜிபிளாட்2’ தொகுப்பில் பட்டை வரைய இரண்டு கட்டளைகள் உண்டு. ‘ஜியோம் பார்’ வரிசைகளை எண்ணும். ‘ஜியோம் கால்’ கொடுத்த மதிப்பை அப்படியே உயரமாக வைக்கும். பெர்க்லி அட்டவணையை முதல் கட்டளையிடம் நேராகக் கொடுத்தால் 12 பட்டைகளும் ஒரே உயரத்தில், 2 என்ற அளவில் வந்து நிற்கும். ஒவ்வொரு துறைக்கும் பாலுக்கும் அட்டவணையில் இரண்டு வரிசைகள் இருப்பதே காரணம். அந்த வரிசைக்குள் 512 என்று எழுதியிருக்கிறதா 8 என்று எழுதியிருக்கிறதா என்பதை எண்ணிப் பார்க்கும் கட்டளை கவனிப்பதில்லை. தொகுத்த எண்ணிக்கை கையில் இருக்கும்போது இரண்டாவது கட்டளையே பொருந்தும்.

எண்ணிக்கையை வரைவதா, விழுக்காட்டை வரைவதா என்பது அடுத்து வரும். சி துறையில் 202 பெண்களும் 120 ஆண்களும் இடம் பெற்றனர். எண்ணிக்கையை வரைந்தால் பெண்களின் பட்டை நெடிதுயர்ந்து நிற்கும். ஆனால் அத்துறைக்கு 593 பெண்களும் 325 ஆண்களும் விண்ணப்பித்திருந்தனர். விழுக்காட்டில் பெண்கள் 34.1, ஆண்கள் 36.9. குழுக்களின் அளவு இவ்வளவு வேறுபடும்போது விழுக்காடே நியாயமான உயரம். ஒப்பீட்டுக் கோடு போடப்போகும் படத்தில் இது கட்டாயமும் ஆகிறது. ஒரே கோட்டோடு ஒப்பிட வேண்டுமானால் எல்லாப் பட்டைகளும் ஒரே அளவுகோலில் இருந்தாக வேண்டும்.

பட்டைகளைப் பக்கம்பக்கமாக நிறுத்தச் சொல்லியே கேட்க வேண்டிய மென்பொருள்கள் பல. ஜிஜிபிளாட்2-உம், ஆர் மென்பொருளின் அடிப்படைப் பட்டைக் கட்டளையும், ‘சாஸ்’ மென்பொருளின் குழுப் பட்டைகளும் தாமாக விட்டால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடும். எண்ணிக்கையை அடுக்கினால் மொத்தமாவது கிடைக்கும். விழுக்காட்டை அடுக்கினால் கிடைப்பதற்குப் பொருளே இல்லை. ஏ துறையில் ஆண்களின் 62-உம் பெண்களின் 82-உம் சேர்ந்து 144 விழுக்காடு என்று ஒரு பட்டை எழும். அந்தப் படத்தின் குறுக்கே என்ன கோடு இழுத்தாலும் அது பொய் சொல்லும். ஜிஜிபிளாட்2-இல் ‘டாட்ஜ்’ என்ற இடமாற்றக் குறிப்பும், அடிப்படை ஆரில் ‘பிசைட்’ என்ற தேர்வும், சாஸில் ‘கிளஸ்டர்’ என்ற குழு அமைப்பும் பட்டைகளைப் பிரித்து நிறுத்துகின்றன. ‘ஸ்டேட்டா’வில் ‘ஓவர்’ என்ற தேர்வை இருமுறை எழுதினால் போதும். முதலில் எழுதிய வகைப்பாடு உள்ளே ஒட்டி நிற்கும், இரண்டாவது வெளிக்குழுவாகும்.

எதை உள்ளே வைப்பது, எதை வெளியே வைப்பது என்பதைப் பலர் மென்பொருளின் போக்குக்கே விட்டுவிடுகின்றனர். அது சரியன்று. ஒட்டி நிற்கும் பட்டைகளைத்தான் கண் எளிதாக ஒப்பிடும். பெர்க்லித் தரவில் ஒரே துறைக்குள் ஆணையும் பெண்ணையும் ஒப்பிடுவதே நோக்கம். எனவே பால் உள்ளே, துறை வெளியே. ஒரு பாலார்க்குள் எந்தத் துறை கடினம் என்று காட்டுவதே நோக்கமானால் அமைப்பைத் திருப்பிப் போட வேண்டும். ஒரே தரவுதான், ஆயினும் இரண்டும் வெவ்வேறு படங்கள்.

துறைகளின் வரிசையும் அப்படியே. கேட்காவிட்டால் மென்பொருள் பெரும்பாலும் அகர வரிசையில் அடுக்கும். பெர்க்லித் தரவில் அதுவே நல்ல வரிசையாகவும் அமைந்திருக்கிறது. இரு பாலாரையும் சேர்த்துப் பார்த்தால் ஏ துறையில் 64.4, பி 63.2, சி 35.1, டி 34.0, இ 25.2, எஃப் 6.4 என்று சேர்க்கை விழுக்காடு படிப்படியாக இறங்குகிறது. வேறு தரவுகளில் இந்த அதிர்ஷ்டம் கிடைக்காது; மதிப்பின்படி வரிசைப்படுத்தும்படி தனியே சொல்ல வேண்டும்.

இனி கோடு. கிடைமட்டக் கோட்டுக்கு ஜிஜிபிளாட்2-இல் ‘ஜியோம் ஹெச்லைன்’, அடிப்படை ஆரில் ‘ஏபிலைன்’, ஸ்டேட்டாவில் ‘ஒய்லைன்’, சாஸில் ‘ரெஃப்லைன்’, பைத்தான் மொழியின் ‘மேட்பிளாட்லிப்’ நூலகத்தில் ‘ஆக்ஸ்ஹெச்லைன்’. ‘எஸ்பிஎஸ்எஸ்’ மென்பொருளில் வரைந்த படத்தை இருமுறை சொடுக்கித் திருத்தும் சாளரத்தைத் திறந்து, ஒய் அச்சுக்கு ஒப்பீட்டுக் கோடு சேர்க்கலாம். படுக்கைவசப் பட்டைகளுக்கு மாறும்போது சற்றுக் கவனம் தேவை. ஸ்டேட்டா அப்போதும் எண் அச்சை ஒய் என்றே அழைக்கிறது. செங்குத்தாக விழும் கோட்டுக்கும் ஒய்லைன்தான். ஜிஜிபிளாட்2-இல் அச்சுகளைத் திருப்பும் கட்டளையைப் பயன்படுத்தினால் ஹெச்லைன் தானே செங்குத்தாகும். எண்ணை நேராக எக்ஸ் அச்சில் வைத்து வரைந்தால் ‘விலைன்’ வேண்டும்.

கோடு காணாமல் போவதும் உண்டு. எல்லாப் பட்டைகளும் 40-க்குக் கீழே இருக்க, இலக்கு 50 என்று வைத்தால், அடிப்படை ஆர் அச்சை நீட்டாது. கட்டளை ஓடும், பிழைச்செய்தி வராது, படத்தில் கோடும் இருக்காது. அச்சின் எல்லையை முன்கூட்டியே 50-ஐத் தாண்டி வைத்துவிட வேண்டும். ஜிஜிபிளாட்2 கோட்டின் மதிப்பையும் கணக்கில் கொண்டு அச்சை நீட்டிக்கொள்கிறது.

பெர்க்லிப் படத்தில் முதலில் தோன்றும் கோடு மொத்தச் சேர்க்கை விழுக்காடு: 4,526 பேரில் 1,755 பேர், அதாவது 38.8. இந்தக் கோட்டை இழுத்தால் ஏ, பி துறைகளின் நான்கு பட்டைகள் மேலே, மற்ற எட்டும் கீழே. துறைகள் எளிது, கடினம் என்று இரண்டாகப் பிரிகின்றன. ஆண், பெண் பற்றி அந்தக் கோடு ஒன்றும் சொல்வதில்லை.

பால் பற்றிச் சொல்ல, பாலுக்கு ஒன்றாக இரு கோடுகள் இழுக்கலாம். 1,198-ஐ 2,691-ஆல் வகுத்தால் ஆண்களுக்கு 44.5, 557-ஐ 1,835-ஆல் வகுத்தால் பெண்களுக்கு 30.4. பெண்களின் கோடு 14 புள்ளிகள் தாழ்ந்து கிடக்கிறது. ஆனால் அதே படத்தில் ஏ, பி, டி, எஃப் ஆகிய நான்கு துறைகளில் பெண்களின் பட்டையே உயரம். சி, இ துறைகளில் ஆண்கள் முந்துவதும் மூன்று, நான்கு புள்ளிகள் அளவுக்கே. கோடுகள் ஒன்று சொல்ல, பட்டைகள் வேறொன்று சொல்கின்றன. இரண்டுமே சரியான எண்கள்.

மென்பொருள் இங்கே இன்னொரு கண்ணியையும் வைத்திருக்கிறது. விழுக்காடு கணக்கிட்ட 12 வரிசை அட்டவணையை வைத்துக்கொண்டு, பாலின்படி சராசரி எடு என்று கட்டளையிடுவது மிகவும் இயல்பான செயல். அது ஆறு பட்டைகளின் உயரத்தைக் கூட்டி ஆறால் வகுக்கும். அப்படிச் செய்தால் ஆண்களுக்கு 38.1, பெண்களுக்கு 41.7 வருகிறது. பெண்களின் கோடு மேலே ஏறிவிட்டது! 108 பெண்கள் விண்ணப்பித்த ஏ துறைக்கும், 593 பெண்கள் விண்ணப்பித்த சி துறைக்கும், வெறும் 25 பெண்கள் விண்ணப்பித்த பி துறைக்கும் சம நிறை கொடுத்ததன் விளைவு இது. விண்ணப்ப எண்ணிக்கையை நிறையாக வைத்து எடுத்த சராசரி 30.4, நிறையின்றி எடுத்தது 41.7. ஒரே தரவு, ஒரே படம், ஒரே ‘சராசரி’ என்ற பெயர். கோடு மட்டும் 11 புள்ளிகள் இடம்பெயர்ந்து, இரு பாலாரின் முன்பின் நிலையையே புரட்டிவிடுகிறது. சராசரி என்று மட்டும் எழுதிய கோட்டை எந்த வாசகரும் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. ‘விண்ணப்பித்தோர் அனைவருள்ளும் இடம் பெற்றோர் விழுக்காடு’ என்றோ, ‘ஆறு துறைகளின் சம நிறைச் சராசரி’ என்றோ கோட்டின்மேலேயே எழுதிவிட வேண்டும்.

கோடும் பட்டையும் ஏன் முரண்படுகின்றன என்பதற்கு விடை விண்ணப்பங்களின் பரவலில் இருக்கிறது. எளிதில் இடம் கிடைத்த ஏ, பி துறைகளுக்கு ஆண்களில் 1,385 பேர், அதாவது பாதிக்கும் மேற்பட்டோர், விண்ணப்பித்தனர். பெண்களில் 133 பேர் மட்டுமே. பெண்கள் பெரும்பாலும் இடம் கிடைப்பது அரிதான துறைகளை நாடினர். புள்ளியியலில் இது சிம்ப்சன் முரண் எனப்படுகிறது. எட்வர்டு சிம்ப்சன் 1951-இல் இதை விளக்கி எழுதினார், அதற்கும் முன்பே 1903-இல் உட்னி யூல் இத்தகைய நிலையைச் சுட்டியிருந்தார். படம் வரைபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் செயல்முறைக் குறிப்பு, துறைக்குள் நடப்பதைக் காட்டும் படத்தில் துறைக்கு வெளியிலிருந்து கணக்கிட்ட கோட்டைப் போட்டால் கேள்வி ஒன்று, பதில் வேறொன்று ஆகிவிடும் என்பதே.

பெர்க்லித் தரவுக்கு மிகப் பொருத்தமானது துறைக்கு ஒன்றான குட்டைக் கோடு. ஏ துறையின் இரு பட்டைகளின் குறுக்கே 64.4-இல் ஒரு சிறு கோடு, பி துறையில் 63.2-இல் ஒன்று என்று ஆறு கோடுகள். ஹெச்லைன் படத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடுவதால் இதற்கு உதவாது. தொடக்கமும் முடிவும் சொல்லி வரையும் ‘ஜியோம் செக்மென்ட்’ வேண்டும். ஜிஜிபிளாட்2 வகைகளை உள்ளுக்குள் 1, 2, 3 என்ற இடங்களில் வைக்கிறது. தொகுதியின் அகலம் 0.9 என்றால், முதல் துறையின் கோடு 0.55-இல் தொடங்கி 1.45-இல் முடியும், இரண்டாம் துறையின் கோடு 1.55 முதல் 2.45 வரை. அடிப்படை ஆரில் கணக்கு வேறு: ஒவ்வொரு பட்டையும் ஓர் அலகு அகலம், தொகுதிகளுக்கிடையே ஓர் அலகு இடைவெளி. முதல் தொகுதியின் பட்டை நடுக்கள் 1.5, 2.5, அடுத்த தொகுதிக்கு 4.5, 5.5. கோடு 1 முதல் 3 வரை, பிறகு 4 முதல் 6 வரை. இந்த நடுப்புள்ளிகளைப் பட்டைக் கட்டளையே திருப்பித் தருகிறது. அவற்றை ஒரு மாறியில் பிடித்துவைத்துப் பயன்படுத்துவதே நல்லது, கண்ணளவில் இடம் குறிப்பதன்று.

துறைக்கு ஒரு கட்டம் என்று படத்தைப் பிரித்து வரைவதும் உண்டு. அப்போது கோட்டின் மதிப்புகளைத் துறைப் பெயரோடு ஒரு சிறிய அட்டவணையாகக் கொடுக்க வேண்டும். வெறும் எண்ணாகக் கொடுத்தால் எல்லாக் கட்டங்களிலும் ஒரே கோடு மீண்டும் மீண்டும் விழும்.

குட்டைக் கோட்டுக்கு மேலே நிற்கும் பட்டை உண்மையிலேயே மேலே நிற்கிறதா என்பதைப் பட்டை மட்டும் சொல்லாது. பி துறையில் பெண்களின் 68 விழுக்காடு என்பது 25 பேரில் 17 பேர். விழுக்காட்டின் திட்டப்பிழையை வழக்கமான சூத்திரத்தில் கணக்கிட்டால், 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 50 முதல் 86 வரை அகன்று கிடக்கும்; துறையின் கோடான 63.2 அதற்குள்ளேயே அடங்கிவிடும். ஏ துறையில் 108 பெண்களுக்கு அது ஏறத்தாழ 75 முதல் 90 வரை, 64.4 அதற்கு வெளியே நிற்கிறது. ஆறு துறைகளில் பாலுக்கிடையே தெளிவான வேறுபாடு தெரிவது ஏ துறையில்தான், அதுவும் பெண்களுக்குச் சாதகமாக. பிழைக்கோடுகளையும் சேர்த்தால் படம் இதைச் சொல்லும். சேர்க்காவிட்டால் 25 பேரின் பட்டையும் 593 பேரின் பட்டையும் ஒரே உறுதியோடு நிற்பதாகத் தோன்றும். ஜிஜிபிளாட்2-இல் பிழைக்கோடு சேர்க்கும்போது பட்டைகளுக்குக் கொடுத்த அதே இடமாற்ற அகலத்தை எண்ணாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பிழைக்கோடுகள் தத்தம் பட்டையின் நடுவை விட்டு விலகிப்போகும்.

ஏதேனும் ஒரு துறையில் பெண்களே விண்ணப்பிக்காமல் இருந்தால், ஜிஜிபிளாட்2-இல் அந்தத் துறையின் ஒற்றைப் பட்டை முழு அகலத்துக்கும் ஊதிவிடும். பட்டையின் அகலத்தைத் தனிப்பட்டைக்கு என்று நிலைநிறுத்தும் தேர்வு இதைத் தடுக்கிறது. வெற்றிடம் வெற்றிடமாகவே தெரியும். இல்லாத தரவுக்கும் சுழியத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் படம் காட்டியாக வேண்டும்.

எண் அச்சு சுழியத்திலிருந்து தொடங்குவது பட்டை வரைபடத்தில் விலக்கில்லாத விதி. பட்டையின் நீளமே மதிப்பு. ஒப்பீட்டுக் கோட்டின் அருகிலுள்ள வேறுபாடுகளைப் பெரிதாக்கிக் காட்ட அச்சை 30-இலிருந்து தொடங்கினால் இ, எஃப் துறைகள் படத்திலிருந்தே மறைந்துவிடும், 36.9 உள்ள பட்டை 34.1 உள்ளதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் உயர்ந்து தெரியும்.

நிறத்தில் சிக்கனம் நல்லது. இரு பட்டைகளுக்கு ஒன்று அடர்த்தி, மற்றது வெளிர் என்று இருந்தால் கறுப்பு வெள்ளை அச்சிலும் பிரித்தறியலாம். சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நிறக்குருடு உள்ளவர்களுக்குப் பயன்படாது. பாலுக்கு ஒன்றாகக் கோடு இழுக்கும்போது கோட்டுக்கும் அந்தப் பாலின் பட்டை நிறத்தையே கொடுக்க வேண்டும். பொதுக் கோட்டுக்குக் கறுப்பு அல்லது அடர்சாம்பல், மெல்லிய விட்டுவிட்டு வரும் கோடு. ஜிஜிபிளாட்2-இல் கட்டளைகள் எழுதிய வரிசையில்தான் அடுக்குகள் விழுகின்றன. கோட்டைப் பட்டைகளுக்கு முன் எழுதினால் பட்டைகள் அதை மூடிவிடும், நெருங்கி நிற்கும் படத்தில் இடைவெளிகளில் மட்டும் துண்டுதுண்டாகத் தெரியும். கோட்டின் பெயரைக் குறிவிளக்கப் பெட்டியில் ஒளித்து வைக்காமல், வலப்பக்க ஓரத்தில் கோட்டை ஒட்டியே எழுதுவது வாசகரின் கண்ணை அலையவிடாது.

கோட்டின் எண்ணை நிரலில் கையால் 38.8 என்று தட்டச்சு செய்வது பரவலான பழக்கம். தரவில் ஒரு வரிசை திருத்தப்பட்டால் பட்டைகள் நகரும், கோடு பழைய இடத்திலேயே நிற்கும். மதிப்பை அதே தரவிலிருந்து அதே நிரலுக்குள் கணக்கிட்டு, அதன் பெயரைக் கோட்டுக் கட்டளைக்குக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்தே நகரும். சட்ட வரம்பு, அரசு இலக்கு போன்றவை தரவிலிருந்து வருவதில்லை. அவற்றை மட்டும் எண்ணாக எழுதி, எந்த ஆண்டின் எந்த விதியிலிருந்து எடுத்தது என்பதையும் படத்தின் அடியில் குறிக்க வேண்டும்.

உள் வகைப்பாட்டில் நான்கைந்து பிரிவுகளுக்கு மேல் போனால் தொகுதிப் பட்டைகள் நெரிசலாகி, எது எதோடு ஒட்டி நிற்கிறது என்பதே புரியாமல் போகும். 1984-இல் வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெக்கிலும் வெளியிட்ட ஆய்வு, பொது அளவுகோலில் குறித்த இடத்தையே கண் மிகத் துல்லியமாக மதிப்பிடுகிறது என்று காட்டியது. கிளீவ்லாந்து முன்வைத்த புள்ளிப்படம் அந்த அடிப்படையில் பட்டையை நீக்கி முனையை மட்டும் புள்ளியாக வைக்கிறது. ஒவ்வொரு துறைக்கும் ஒரு கிடைவரி, அதில் பிரிவுக்கு ஒரு புள்ளி. துறையின் ஒப்பீட்டு மதிப்பு அந்த வரியிலேயே ஒரு சிறு செங்குத்துக் கீற்றாக நிற்கும். பட்டைகளின் பரப்பு கண்ணை மறைக்காததால், பிரிவுகள் பத்தானாலும் கீற்றுக்கு இடமும் வலமும் விழும் புள்ளிகளைத் தடையின்றி வாசிக்க முடியும்.